கிறகரியாரின் ருசிக்கரண்டி

மன்னார்த் தீவின் பேசாலையில் கிறகரியார் கிண்டிய தொதல் என்ற இனிப்பின் இறுக்கத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. கலியாண வீடொன்றில் ஒரு காகம் ஒரு துண்டைக் கொத்திக்கொண்டு பறந்ததாம். மூன்று நாள் அதன் அலகு திறக்கவில்லை. நாலாம் நாள் திறந்தபோது அது கா என்று கரையவில்லை, திரும்பி வந்து இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு போனது. அந்தக் காகத்தை நேரில் பார்த்தவர்கள் பேசாலையில் ஐம்பது பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள். ஐம்பது பேரும் ஐம்பது கலியாண வீட்டின் பெயரைச் சொல்வார்கள், அது வேறு விடயம்.

காகத்தை நம்பாவிட்டாலும் கிறகரியாரை நம்பலாம். கடலோடிக் குடும்பத்தில் பிறந்து, கடலைப் பார்த்தாலே குடல் புரளும் மனிதர். பதினாறு வயதில் தகப்பனோடு வள்ளத்தில் போன முதல் நாளே அவர் எடுத்த வாந்திக்கு மீன்கள் இந்தியக் கரைக்கு ஓடிவிட்டன என்று தகப்பன் சொல்லி, இனி இவன் கரையோடு நிற்கட்டும் என்று விட்டுவிட்டார். தகப்பன் காலமான பிறகு கிறகரியார் அந்த வள்ளத்துத் துடுப்பை எடுத்து, அரிந்து, சீவி, தொதல் கிண்டும் துடுப்பாக்கினார். முப்பது வருடமாக ஊரில் நடந்த கலியாணம், பெருநாள், குருப்பட்டம் எல்லாவற்றுக்கும் பெரிய தாச்சிச் சட்டியில் அசைந்தது அந்தத் துடுப்புத்தான்.

தொதல் கிண்டுவது கை வேலை என்று நினைப்பவர்கள் தொதலைத் தின்று மட்டும் பழகியவர்கள். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்ந்து இறுகத் தொடங்கினால் ஆறு மணித்தியாலம் துடுப்பை நிறுத்த முடியாது, நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். கடைசி இரண்டு மணித்தியாலமும் தாச்சிக்குள் கிடப்பது ஒரு முரட்டு மாடு. அதை இழுத்துப் புரட்டுகிறவர் வலது காலின் பெருவிரலை மணலுக்குள் நங்கூரம் போல் இறக்கி, முழு உடம்பையும் அந்த விரலில் தாங்கிக்கொண்டுதான் இழுப்பார். கிறகரியார் நின்று கிண்டிய இடத்தில் ஒரு குழி விழும். அந்தக் குழியில் மழைத் தண்ணீர் தேங்கிக் கழுதைகள் குடித்ததும் உண்டு.

எழுபத்து நாலாம் ஆண்டு யூன் மாதம், ஒரு கலியாண வீட்டில், கொதிக்கிற தொதல் ஒரு சொட்டு அவருடைய அந்தப் பெருவிரலில் விழுந்தது. யானையாக இருந்தாலும் துள்ளியிருக்கும். கிறகரியார் அசையாமல் கிண்டிக்கொண்டு நின்றார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவருடைய பொறுமையை மெச்சினார்கள். உண்மையில் விரலில் சுட்டது அவருக்குத் தெரியவேயில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது மனைவி அன்ரோனெற்தான் கொப்புளத்தைக் கண்டாள்.

கொப்புளம் உடைந்தது, புண்ணானது, மூன்று கிழமையாகியும் ஆறவில்லை. அதோடு அவருக்குத் தீராத தண்ணீர் விடாய். சலம் கழிக்க முற்றத்துக்கும் வேலிக்கும் நடையாய் நடந்தார். அவர் போய் வந்த வேலியோரத்துக்கு எறும்புகள் வரத் தொடங்கின. உள்ளூர் எறும்பு மட்டுமல்ல, பெருநிலத்திலிருந்து மன்னார்ப் பாலம் கடந்து வரிசையாக வந்தன என்றும், வரிசை முடியும்வரை பாலத்தில் பஸ் நின்றது என்றும் அன்ரோனெற் சொல்வாள். பஸ் நின்றதோ இல்லையோ, அவள் அவரைக் கையோடு டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரியாக இருந்தவர் சிவசுப்பிரமணியம். யாழ்ப்பாணத்துக்காரர், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். கிறகரியாரின் சலத்தில் எட்டுத் துளியை ஒரு கண்ணாடிக் குழாயில் இருந்த நீல மருந்துக்குள் விட்டுச் சூடாக்கினார். சலத்தில் சீனி இல்லாவிட்டால் மருந்து நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, கூடக் கூட மஞ்சள், தோடம்பழ நிறம், கடைசியில் செங்கல். கிறகரியாரின் குழாய் நேரே செங்கலுக்குப் போனது. கூப்பன் அட்டையை நீட்டினாலும் சங்கக்கடையில் சீனி கிடைக்காத வருடம் அது. நாட்டில் இல்லாத சீனி எல்லாம் எங்கே போனது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சலரோகம் என்றார் அப்போதிக்கரி. காலையில் ஒரு குளிசை, புண்ணுக்கு நாள்தோறும் மருந்துக் கட்டு, வெறுங்காலோடு நடக்கக் கூடாது, வேளைக்குச் சாப்பிட வேண்டும், ஒரு வேளையையும் விடக் கூடாது. சோறு சிரட்டை அகப்பையால் இரண்டு மட்டும், சாப்பாட்டுக் கோப்பையின் மிச்சத்தை மீனாலும் இலைக்கறியாலும் நிரப்பவேண்டும். இனிப்பு அறவே இல்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் விரலைப் பார்த்தார்.

“ஒக்டோபர் முதல் கிழமைக்குள்ள இந்தக் குழாய் நீலமாய் நிக்க வேணும். சீனி இறங்காட்டிப் புண் ஆறாது. ஆறாட்டி விரலை எடுக்க யாழ்ப்பாணம் அனுப்ப வேண்டி வரும். விரலோட நிக்குமெண்டும் நான் சொல்ல மாட்டன்.”

“விரல் இல்லாமல் தொதல் கிண்டேலாது ஐயா,” என்றார் கிறகரியார்.

“தொதலைப் பற்றி எனக்குத் தெரியாது. விரலைத்தான் தெரியும்.”

ஒரு போத்தல் நீல மருந்தையும் ஒரு குழாயையும் கொடுத்து, ஒவ்வொரு நாளும் காலையில் வீட்டிலேயே பார்க்கச் சொன்னார். தன்னுடைய அடுப்பில் அந்தக் குழாய் ஏறினால் அன்றோடு தான் தாய்வீடு போய்விடுவதாக அன்ரோனெற் சொல்லிவிட்டாள். தாய்வீடு இரண்டு வளவு தள்ளித்தான் இருந்தது, ஆனாலும் கிறகரியார் பயந்தார். முருங்கைக்குக் கீழே மூன்று கல் வைத்து, பழைய பால்ரின்னில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதற்குள் குழாயை நிறுத்தினார். பாகின் பதம் பார்க்கிற அதே கண்ணால் நிறத்தைப் பார்ப்பார். அன்ரோனெற் தள்ளி நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டு, கோயில் கலண்டரில் அந்தந்த நாளுக்குக் கீழே நிறத்தின் முதல் எழுத்தைக் குறித்துவைப்பாள்.

சாப்பாட்டில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. காலையில் குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும், மத்தியானம் அகப்பையால் அளந்த சிவப்பரிசிச் சோறும் பாரைமீன் சொதியும் முசுட்டை இலையும், இராவைக்குப் பனங்கிழங்கு ஒடியல் மாப் பிட்டில் ஒரு பிடியும் நெத்தலியும். அந்த வருடம் நாடு முழுவதும் குரக்கனும் மரவள்ளியும் தின்றுகொண்டிருந்ததால், தனக்கு மட்டும் பத்தியம் என்ற கவலை அவருக்கு வரவில்லை. அரசாங்கம் தன்னோடு துணைக்குப் பத்தியம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வார்.

தொடக்கத்தில் ஒரு தடுக்கல் வந்தது. சீனியை விட்டவர் வெறும் தேத்தண்ணிக்குப் பனங்கட்டியைக் கடித்தார். பனையில் இருந்து வருவது மருந்தாச்சே என்று அவருடைய எண்ணம். இனிப்பது எந்த மரத்தில் இருந்து வந்தாலும் இரத்தத்துக்குச் சீனிதான் என்று அப்போதிக்கரி சொன்ன பிறகு அதுவும் நின்றது. கலண்டரில் செங்கல் போய்த் தோடம்பழம் வந்தது, பிறகு மஞ்சள், ஓகஸ்ட் நடுவில் இரண்டு நாள் பச்சையும் வந்தது. அன்ரோனெற் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள்.

அடுத்த நாளே செங்கல்.

அதற்குப் பிறகு இதுவே வழக்கமாயிற்று. நாலு நாள் மஞ்சளும் பச்சையுமாக நிற்கும், திடீரென்று ஒரு நாள் செங்கலுக்குத் தாவும். புண்ணும் அப்படித்தான், ஓரம் காய்வது போலக் காட்டிவிட்டு மறுபடி ஈரமாகும். செப்ரெம்பர் பிறந்தபோது அன்ரோனெற் கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். செங்கல் விழுந்த ஒவ்வொரு நாளுக்கும் முந்தின நாள் அவர், கட்டுப்போட்ட காலுக்குச் செருப்பு மாட்டி இடது காலை ஊன்றிக்கொண்டு, எங்கேயோ தொதல் கிண்டப் போயிருக்கிறார்.

“கலியாண வீட்டில ஒளிச்சுச் சாப்பிடுறியள்,” என்றாள்.

கிறகரியாருக்கு முகம் சிவந்துவிட்டது. பந்தியில் கூப்பிட்டால்கூட அவர் இருப்பதில்லை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன பிட்டைத்தான் தாச்சிக்குப் பக்கத்தில் நின்றபடி சாப்பிடுவார், ஊரே பார்த்திருக்கிறது. அந்தோனியார் மேல் சத்தியம் செய்தார். அவள் நம்பவில்லை. இரண்டு நாள் அவரோடு கதைக்காமல், கலண்டரோடு மட்டும் கதைத்தாள்.

அவர் பொய் சொல்லவில்லை. பேசாலைச் சமையல்காரர்களுக்குள் பழைய கட்டளை ஒன்று இருந்தது. தபசுகாலத்தில் ஒருசந்தி விரதம் பிடித்துக்கொண்டே கோயில் கஞ்சி காய்ச்சுகிறவர்கள் உப்புப் பார்க்க வேண்டாமா? அதற்காக, அடுப்படியில் நின்றுகொண்டு ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேராது, குந்தியிருந்து தின்பதுதான் சாப்பாடு என்று எப்போதோ யாரோ தீர்த்துவைத்திருந்தார்கள். எந்தச் சுவாமியார் அனுமதி கொடுத்தார் என்று யாரும் கேட்டதில்லை. முப்பது வருடமாக ஒருசந்தியை முறிக்காத ருசி, தன் பத்தியத்தையும் முறிக்காது என்று கிறகரியார் நினைத்தார். நினைத்தார் என்பதுகூடப் பிழை, அவருக்கு அது நினைவிலேயே இல்லை. மூச்சு விட்டதை யார் கணக்கு வைப்பார்கள்?

செப்ரெம்பர் கடைசிக் கிழமையில் தீவின் இன்னொரு ஊரான தோட்டவெளியில் ஒரு கலியாணம் இருந்தது. தாச்சி ஒன்று போதாமல், பக்கத்து முஸ்லிம் ஊரான தாராபுரத்தில் ஆசியா உம்மாவிடம் பெரிய தாச்சியை இரவல் கேட்கப் போனார். தாராபுரத்துக் கலியாணங்களுக்குச் சமைப்பவர் ஆசியா உம்மா, கிறகரியாரைவிடப் பத்து வயது மூத்தவர். முட்டையும் பனங்கட்டியும் சேர்த்து அவிக்கும் அவருடைய வட்டிலப்பம் நன்றா இவருடைய தொதல் நன்றா என்று இரண்டு ஊரும் இருபது வருடமாகப் பேசி முடியவில்லை. அப்போது நோன்பு மாதம். பின்னேர வெயில் இறங்கும் நேரத்தில் ஆசியா உம்மா பள்ளிவாசலுக்குக் கொடுக்க நோன்புக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்.

கதைத்துக்கொண்டே அவர் கரண்டி நுனியால் ஒரு துளி கஞ்சியை எடுத்து, ஊதி, நாக்கின் நுனியில் தொட்டு, உடனே துப்பி, வாயைக் கொப்பளித்தார். உப்பு இன்னும் கொஞ்சம் போட்டார். கிறகரியார் வாயைப் பிளந்தார். நோன்பு பிடித்துக்கொண்டு ருசி பார்க்கலாமா என்று கேட்டார்.

“நாக்கு நுனியில பட்டா உப்பு தெரிஞ்சிரும் தம்பி. அதுக்கு மேல உள்ள போறது ருசி இல்ல, சாப்பாடு. விழுங்கினா நோன்பு போயிரும்.”

கிறகரியாரின் கை இடுப்பில் செருகியிருந்ததைத் தடவியது. பிறகு மெதுவாக, தங்களுடைய ஊரில் நின்றுகொண்டு பார்த்தால் கணக்கில்லை என்றார். ஆசியா உம்மாவுக்கு அவருடைய விரலின் கதை முன்பே தெரியும். இடுப்பில் என்ன செருகியிருக்கிறது என்று கேட்டார். கிறகரியார் எங்கே போனாலும் இடுப்பில் போகிற சாமான் அது, ருசிக்கரண்டி. கரண்டி என்று அவர்தான் சொல்வார். அது அரைச் சிரட்டை, பனம்மட்டைப் பிடி போட்டது. ஒரு நண்டை அதில் குளிக்க வார்க்கலாம்.

ஆசியா உம்மா ஒரு வாளித் தண்ணீரையும் ஒரு வெறும் சட்டியையும் அரிசி அளக்கிற சுண்டையும் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தார். ஒரு தொதலுக்கு எந்தெந்த நேரம் எடுப்பாரோ அந்தந்த நேரத்தைச் சொல்லி, எடுக்கிற அளவுக்குத் தண்ணீரை அள்ளிச் சட்டிக்குள் ஊற்றச் சொன்னார்.

கிறகரியார் ஊற்றினார். பனங்கட்டிப் பாணி கொதித்ததும் ஒன்று. கல்லு மண் இருக்கிறதா என்று பார்க்க வடித்த பிறகு ஒன்று. பால் விட்டதும், மாவு கரைந்ததும் ஒவ்வொன்று. நிறம் மாறும்போது ஒன்று, அது சரியாகத் தெரியாவிட்டால் இன்னொன்று. கஜு போட்டால், ஏலக்காய் போட்டால், எண்ணெய் பிரியும்போது, பெண் வீட்டார் வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், மாப்பிள்ளை வீட்டாரும் கேட்டால். இறக்கின பிறகு தாச்சியின் ஓரத்தைச் சுரண்டி ஒன்று, அது வீணாகப் போகக் கூடாது என்பதற்காக. ஆசியா உம்மா சட்டியிலிருந்ததை எடுத்துச் சுண்டால் அளந்தார். இரண்டு சுண்டு நிரம்பி மூன்றாவதில் பாதி ஏறியது.

“இவ்வளவு தொதலையும் நான் உங்களுக்குத் தட்டில வெச்சுத் தந்தா, சாப்பிடுவீங்களா?”

“சத்தியமா ஒரு துண்டும் தொட மாட்டன் உம்மா,” என்றார் கிறகரியார். சொல்லிவிட்டு மூன்றாவது சுண்டைப் பார்த்தபடி இருந்தார். பள்ளியில் பாங்கு சொல்லும்வரை அவர் எழும்பவில்லை என்பார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து, தாச்சியை இறக்கிவைத்துவிட்டு, ருசிக்கரண்டியை எடுத்து அன்ரோனெற்றின் மடியில் வைத்தார். நடந்ததை எல்லாம் சொன்னார். அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். பிறகு, முப்பது வருடம் கிண்டினவருக்குப் பதம் தெரிய நாக்கு எதற்கு என்று கேட்டாள்.

“பதம் பாக்கிறதுக்கு எண்டு சொல்லாதேங்கோ. ஆசைக்கு எண்டு சொல்லுங்கோ, நான் மன்னிக்கிறன்.”

“ஆசைக்குத்தான்,” என்றார் கிறகரியார்.

தோட்டவெளிக்குக் கரண்டி போகவில்லை. அவர் வெறும் இடுப்போடு போனார். பாணி கொதிக்கத் தொடங்கியதும் வலது கை தானாக இடுப்புக்குப் போனது. பால் விட்டபோதும் போனது. ஏலக்காய் வாசம் எழும்பியபோது ஒரு வெள்ளிக் கரண்டியின் நுனியால் தொட்டு, நாக்கில் வைத்து, ஆசியா உம்மா செய்தது போலத் திரும்பி நின்று துப்பினார். அங்கேதான் வினை பிடித்தது. பொம்பிளையின் மாமன் அமிர்தநாயகம் அந்த நேரம் பார்த்துப் பந்தலுக்குள் வந்தார். சமைத்தவரே துப்புகிற தொதலை எப்படிச் சபையில் வைப்பது? கால் மணித்தியாலத்துக்குள் தொதல் பழுது என்ற கதை பந்தல் முழுக்கப் பரவியது. மண்ணெண்ணெய் விழுந்துவிட்டது என்றார் ஒருவர், பல்லி என்றார் மற்றவர். கதை மாப்பிள்ளை வீட்டைப் போய்ச் சேர்ந்தபோது அது முதலையாக வளர்ந்திருந்தது.

அமிர்தநாயகம் தாச்சிக்கு முன்னால் வந்து நின்று, என்ன விழுந்தது என்று கேட்டார். சுற்றிலும் சனம். சலரோகம் என்ற சொல்லைக் கிறகரியார் அதுவரை வீட்டுக்கு வெளியே சொன்னதில்லை. சொன்னால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று பயந்திருந்தார். துடுப்பை நிறுத்தவும் முடியாது, நிறுத்தினால் தொதல் உண்மையாகவே பழுதாகும். கிண்டிக்கொண்டே சொன்னார்.

“தொதலுக்கு ஒண்டுமில்லை. எனக்குத்தான் சீனி வருத்தம். விழுங்கினா விரல் போயிடும், அதுதான் துப்பினனான். நீங்கள் விழுங்கிப் பாருங்கோ.”

அமிர்தநாயகம் ஒரு கரண்டி வழித்து, ஊதி, வாயில் போட்டார். அலகு ஒட்டிக்கொண்டது. கண்ணை மட்டும் மூடித் திறந்தார். பந்தல் அடங்கியது.

மிச்ச மூன்று மணித்தியாலமும் கிறகரியார் நுனிநாக்கும் வைக்கவில்லை. துப்பிப் பட்ட பாடு போதும் என்றாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாகு கொதிக்கையில் கலகலத்த குமிழிகள், இறுக இறுகச் சோம்பல் முறிப்பது போல ஒவ்வொன்றாக வெடித்தன. பிறகு அந்தச் சத்தமும் நின்று, துடுப்பு தாச்சியில் உராயும் சத்தம் மட்டும் கேட்டது. எண்ணெய் ஓரமாக ஒதுங்கியது. விரல் நுனியால் தொட்டார், ஒட்டவில்லை. இறக்கச் சொன்னார். அந்த வருடத்திலேயே நல்ல தொதல் அதுதான் என்று தோட்டவெளிக்காரர் இன்றைக்கும் சொல்வார்கள். கிறகரியார் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் அதைத் தின்று பார்க்கவில்லையே.

அடுத்த நாள் காலை முருங்கைக்குக் கீழே குழாய் கொதித்தது. அன்ரோனெற் தள்ளி நிற்கவில்லை, பக்கத்தில் வந்து குந்தினாள். தண்ணீர் கொதித்துத் தணிந்த பிறகும் மருந்து நிறம் மாறாமல் நின்றது. கலண்டரில் முதல் தடவையாக ‘நீ’ எழுதப்பட்டது. அதற்கு அடுத்த நாளும் ‘நீ’.

ஒக்டோபர் முதல் கிழமையில் அப்போதிக்கரி மருந்துக் கட்டை அவிழ்த்தபோது அன்ரோனெற் கலண்டரை முன்னால் விரித்துவைத்தாள். எட்டு நாள் தொடர்ந்து நீலம். புண் மூடியிருக்கவில்லை, ஆனால் அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தசை எழும்பியிருந்தது. சிவசுப்பிரமணியம் விரலை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் எழுத எடுத்துவைத்திருந்த கடதாசியை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டார்.

“இப்பிடியே நிண்டால் விரல் நிக்கும்,” என்றார். பிறகு, தான் மூன்று மாதமாகக் குளிசையைக் கூட்டுவதா குறைப்பதா என்று தலையை உடைத்துக்கொண்டதாகவும், கண்டுபிடித்தது யார் என்றும் கேட்டார். சொன்னார்கள். அன்றைக்கு அவர் சிரித்தார். சிரிப்பு அரைத் துளிகூட இராது, ஆனாலும் கண்டதாக அன்ரோனெற் சத்தியம் செய்வாள்.

நத்தாருக்கு முதல் புண் மூடியது. அதற்குள் வேறொரு தொல்லை வந்து சேர்ந்தது. தோட்டவெளிப் பந்தலில் கிறகரியார் சொன்னதைக் கேட்ட நாலைந்து பேர், தங்களுக்கும் விடாயாக இருக்கிறது, காலில் ஊசி குத்துகிறது என்று, கையில் போத்தலோடு முருங்கையடிக்கு வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் அமிர்தநாயகம். தாய்வீட்டுப் பயமுறுத்தல் மறுபடி எழுந்தது. ஆனால் அன்ரோனெற் போகவில்லை, அவர்களை ஒவ்வொருவராக டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற வழியில் குரக்கன் பிட்டுக்குத் தேங்காய்ப்பூவைக் குறைத்து முருங்கையிலையை எப்படிக் கூட்டுவது என்று படிப்பித்தாள்.

அதற்கு முன்பே, ஒக்டோபர் நடுவில் வந்த நோன்புப் பெருநாளுக்கு ஆசியா உம்மா வட்டிலப்பம் அனுப்பியிருந்தார். அப்போதிக்கரியிடம் கேட்டுவிட்டு, அன்று மத்தியானம் ஓர் அகப்பைச் சோற்றைக் குறைத்து, தீப்பெட்டி அளவில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தாள் அன்ரோனெற். கிறகரியார் அதைக் கதிரையில் உட்கார்ந்து, கோப்பையில் வைத்து, கால் மணித்தியாலமாகச் சாப்பிட்டார். அவருடைய வாழ்நாளில் இனிப்பை இருந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த நாள் குழாய் நீலத்தில் ஒரு துளி பச்சை காட்டியது. வாழைக்குருத்துப் பச்சை, பயமில்லை என்று அவர் சொல்ல, அன்ரோனெற் அப்படியே எழுதினாள்.

ருசிக்கரண்டி அவருடைய இடுப்புக்குத் திரும்பவில்லை. அது சமையலறையில் சோற்றுப்பானைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அப்போதிக்கரி சொன்ன அளவு அதில் சரியாக இரண்டு. அன்ரோனெற் தட்டி, வழித்து, மட்டமாக அளந்து போடுவாள். மூன்றாவது அகப்பைக்குக் கை நீட்டினால், நின்றுகொண்டு சாப்பிட்டாலும் கணக்குத்தான் என்பாள்.